முன்கம்பின் இடது தோள்

கடலில் ஒரு நாள்கூடச் சென்றிராதவர் கடற்பயணத்தைப் பற்றிக் கதை எழுதத் துணிவது முறையன்று என்பதை அறியாமல் இல்லை. ஏற்காட்டில் இருப்பது ஓர் ஏரிதான். இக்கரையில் நின்றால் அக்கரையில் துணி காய்வது தெரியும். அவ்வளவு தண்ணீரை மட்டுமே பார்த்த கை எழுதுவது இது. கப்பல் அறிந்த பெரியவர்கள் இதில் பிழை கண்டால் அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டும். மொழியில் பிழை கண்டாலும் அவ்வாறே வேண்டுகிறேன். பொன்னுவேலைப் பற்றி எழுத வேறு எவரும் முன்வரவில்லை என்கிற ஒரே காரணத்தைப் பணிவுடன் முன்வைத்துத் தொடங்குகிறேன்.

பொன்னுவேல் மாரமங்கலத்துக்காரர். சொந்தமாகச் சிறிது சாமையும் மிளகும் விளையும் நிலம் இருந்தது. ஆயினும் அவருடைய நாளில் பெரும்பகுதி தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் பங்களாவின் சமையற்கட்டில் கழிந்தது. அங்கே அவர் சமையல்காரர். மலையில் அவருக்கு மரியாதை தந்தது அந்த வேலை அன்று. சேர்வராயன் கோயில் திருவிழாவில் சாமியின் சப்பரம் எழும்போது முன்கம்பின் இடது பக்கத்தில் முதல் தோள் கொடுப்பது அவர் வீட்டு உரிமை. அப்பன் கொடுத்தார், அப்பனுக்கு அப்பனும் கொடுத்தார். அந்த வீட்டு ஆண் ஒரு வருடம் வந்து நிற்கவில்லை என்றால் உரிமை அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். திரும்பி வராது. பொன்னுவேலுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஆகவே காய்ச்சலோ மழையோ, வைகாசியில் அவர் மலையுச்சியில் நின்றாக வேண்டும்.

எஸ்டேட்டுக்கு உடையவர் மரியதாஸ். கப்பலில் என்ஜினியராக உலகைச் சுற்றிவிட்டு, ஓய்வு பெற்றபின் மலையேறி வந்தவர். மனைவி இறந்தபின் அவருக்கு மலை அலுத்துவிட்டது. கொச்சியில் ஒரு பாய்மரப் படகு கட்டத் தொடங்கினார். கட்டி முடிக்கப் பல வருடங்கள் ஆயின. ஏற்காடு பஸ்ஸைவிடச் சற்றுக் குட்டையான படகு. அதற்குச் ‘சேர்வராயன்’ என்று பெயர் வைத்தார்.

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்.

“பொன்னுவேலு, மொரீஷியஸ் வரைக்கும் வர்றியா?”

“அது எந்தப் பக்கமுங்க? நாமக்கல் தாண்டிங்களா?”

“கொச்சி தாண்டி.”

“எங்கீங்க பஸ் மாறோணும்?”

“பஸ் இல்லப்பா. நம்ம படகுல. ஒரு மாசம் தண்ணி மேல.”

“ஒரு மாசமுங்களா? அப்ப அக்கரை எப்பத் தெரியுமுங்க?”

“கடைசி நாள் தெரியும்.”

பொன்னுவேல் அதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிச் சிரித்தார். பிறகுதான் வேடிக்கை இல்லை என்று விளங்கியது. மறுக்கவும் மனம் வரவில்லை. பங்களா அம்மா சாகும் தறுவாயில் அவரிடம் ஒன்று கேட்டிருந்தார். ஐயாவைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட விடாதே என்றார். அன்று முதல் மேசையில் ஐயா சாப்பிடும்போது பொன்னுவேல் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். வேறு எதற்கும் உட்காரமாட்டார்.

“வர்றனுங்க. ஆனா வைகாசிக்கு நான் மலையில நிக்கோணுமுங்க. அது ஒண்ணுதானுங்க.”

“பங்குனியிலயே போய்ச் சேந்துருவோம். சித்திரை பொறந்ததும் உன்னை ஏரோபிளேன்ல ஏத்தி அனுப்புறது என் பொறுப்பு.”

கண்ணாயி, பொன்னுவேலின் மனைவி, இதைக் கேட்டதும் கேழ்வரகு அரைத்துக் கட்டிக் கொடுத்தார். பேசியவர் பங்காளி சித்தன். பஸ் ஏறும் இடத்துக்கே வந்து பேசினார்.

“ஏம்ப்பா பொன்னு, சாமிய மலை மேல உட்டுப்போட்டு, பேர மட்டும் தண்ணியில எறக்கியிருக்காராமா உங்க ஐயா?”

“சாமி பேர் வெச்ச படகு. முங்காது.”

“முங்காது சரி. திரும்புமா? வைகாசிக்கு நீ வரலீன்னா நான் தோள நல்லெண்ணெ போட்டு உருவி வெச்சுக்கறேன்.”

“உருவி வெச்சுக்கோ. எண்ணெதான் செலவு.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கும்போது பொன்னுவேலின் வலது கை தானாகவே இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தது.

கொச்சியிலிருந்து மாசிக் கடைசியில் புறப்பட்டார்கள். முதல் சில நாட்கள் பொன்னுவேல் வாந்தி எடுத்தார். வயிற்றில் எதுவும் இல்லாதபோதும் எடுத்தார். அது அடங்கியபின் வேலை பிடிபட்டது. அடுப்பு ஊஞ்சல் போலத் தொங்கியது. படகு எப்பக்கம் சாய்ந்தாலும் அது நேராக நிற்கும். சாயாமல் இருக்க அவர்தான் தம்மை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பாத்திரம் கழுவக் கடல்நீர், குளிக்கக் கடல்நீர். உடம்பெல்லாம் உப்புப் பூத்து, சட்டை அப்பளம் போல விறைத்தது. காலையில் மேல்தளத்தில் பறவைமீன்கள் விழுந்து கிடக்கும். அவற்றைப் பொறுக்கிக் குழம்பு வைப்பார். கேழ்வரகுக் களி கிண்டினால், மரியதாஸ் மறுமுறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆயினும் அவர் எதிர்பாராத ஒன்று இருந்தது. படகில் இருவர் இருந்தார்கள் என்பது பெயருக்குத்தான். ஒருவர் சுக்கான் பிடித்தால் மற்றவர் உறங்க வேண்டும். உறங்கியவர் எழுந்தால் விழித்திருந்தவர் போய்ப் படுக்க வேண்டும். ஒருவருடைய சூடு ஆறாத படுக்கையில் மற்றவர் படுத்தார். முகத்துக்கு முகம் பார்ப்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் பொன்னுவேல் சுக்கானைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் எப்பக்கம் திரும்பினாலும் பார்வையை ஒரு குன்று தடுத்து நிறுத்தும். இங்கே போன பார்வை போய்க்கொண்டே இருந்தது, திரும்பி வரவில்லை. கண்ணாயியைக் கூப்பிடுவது போல ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்தக் குரலைக் கேட்டு அவருக்கே சற்றுப் பயமாக இருந்தது. அதன்பின் கூப்பிடவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பேச்செல்லாம் ஒரே பேச்சுதான்.

“ஐயா, நாம இப்ப எங்கீங்க இருக்கோம்?”

“நேத்து இருந்த எடத்துக்குக் கீழ.”

“பாத்தா அதே எடமாட்டத்தான் இருக்குதுங்க.”

“வேற தண்ணி. நம்பு.”

“வைகாசிக்குப் போயிருவனுங்களா?”

“பொன்னுவேலு, கடல்ல இதைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் பொழச்சுப் போவோமான்னு கேப்பான்.”

நிலநடுக்கோட்டுப் பக்கம் வந்ததும் காற்று நின்றது. பாய் துவண்டு தொங்கியது. எண்ணெய் ஊற்றியதுபோலக் கடல் அசையாமல் கிடந்தது. படகில் இரண்டு தண்ணீர் டேங்குகள். ஒன்று ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. மற்றதில் இருந்த தண்ணீரில் இரும்பும் பெயின்ட்டும் கலந்த ஒரு நாற்றம். எஸ்டேட்டின் முதல்தரக் காபிப் பொடியைப் போட்டாலும் அந்த நாற்றமே மேலெழுந்தது. இருபது வருடம் காபி போட்ட கைக்கு அது ஒவ்வொரு காலையும் அவமானமாக இருந்தது.

அப்படி ஒரு காலை. அவ்வப்போது எழுந்த சிறு காற்றுக்காக இரவெல்லாம் பாயோடு போராடிவிட்டு மரியதாஸ் கீழே படுத்திருந்தார். பொன்னுவேல் சுக்கானில் இருந்தார். கிழக்கே ஒரு சாம்பல் நிறம் எழுந்தது. அது மெல்ல வந்து கடலை மூடியது, அடிவானம் மறைந்தது, பாய்மரத்தின் உச்சி மறைந்தது. முகத்தில் ஈரம் பட்டது. ஐப்பசியில் மாரமங்கலத்துச் சரிவுகளில் மூடுபனி இறங்குமே, அப்படியே இருந்தது. பார்வை மீண்டும் ஓரிடத்தில் நின்றது. இத்தனை நாளில் முதன்முறையாக அவருக்கு ஊரில் இருப்பதுபோலத் தோன்றியது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

மலையில் பிறந்தவர்களுக்கு இதில் ஐயமே இருக்காது. பனி மூடி, அதன் பின்னால் மழை பிடித்தால் நாட்கணக்கில் விடாது. காபிக் களத்தை மூடிவிட்டு அடுப்பருகில் உட்கார வேண்டியதுதான். அத்தகைய மழை தொடங்கியதும் கண்ணாயி முதலில் செய்வது ஒன்றுண்டு. வீட்டிலுள்ள குடம், பானை, அண்டா எல்லாவற்றிலும் இருக்கும் பழைய தண்ணீரைக் கொட்டிவிடுவார். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் கூரையோரம் வரிசையாக வைப்பார். பழைய தண்ணீரின் மேல் புதுமழையைப் பிடிப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை.

பொன்னுவேலும் அதையே செய்தார். ஐயாவை எழுப்ப மனமில்லை. எழுந்ததும் நல்ல தண்ணீரில் காபி கொடுக்கலாம் என்று நினைத்தார். சுக்கானைக் கயிற்றில் கட்டிவிட்டு இறங்கினார். டேங்கின் அடித்திருகைத் திறந்தார். நாறிய தண்ணீர் படகின் அடியில் ஓடியது. கைப்பம்பை அடித்து அதைக் கடலுக்குத் தள்ளினார். மூடியைக் கழற்றி உள்ளே கைவிட்டு நார் கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார். பிறகு மேலே வந்து தார்ப்பாயை விரித்துக் கட்டினார். முதலில் வழிந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். தார்ப்பாயில் படிந்திருந்த உப்பு கரித்தது. கழுவிப் போகட்டும் என்று விட்டார். மறுமுறை வைத்துப் பார்த்தார். இனித்தது.

ஒரு பக்கெட் நிரம்பியது. இரண்டாவது நிரம்பியது. அப்போது கிழக்கே யாரோ கதவைத் திறந்ததுபோல வெளிச்சம் வந்தது. தார்ப்பாயின் மேல் சத்தம் குறைந்து, பின் இல்லாமல் போனது. மழை அவர்களைக் கடந்து தண்ணீரின் மேல் தனியே நடந்து போவதை அவர் வெயிலில் நின்று பார்த்தார்.

மரியதாஸ் எழுந்து வந்தபோது பொன்னுவேல் இரண்டு பக்கெட்டுகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார்.

“மழை பெஞ்சுதா?”

“பெஞ்சுதுங்க.”

“பிடிச்சிருக்கியே. நல்லது. டேங்க்ல ஊத்திரு.”

“டேங்க்ல ஒண்ணுமில்லீங்க.”

“என்னது?”

“நாறுச்சுங்க. தொறந்து உட்டுட்டு நல்லாக் கழுவுனனுங்க. மழை நிக்காதுன்னு நெனச்சனுங்க. நம்ம மலையில இப்படி மூடுனா நிக்குமுங்களா?”

மரியதாஸ் கீழே இறங்கினார். மூடியைத் திறந்து டேங்கினுள் கையை விட்டுத் துழாவினார். கையை வெளியே எடுத்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் கழுவியிருக்கே” என்றார்.

“ஐயா, ஒரு வார்த்தை திட்டிப்போடுங்க.”

“திட்டுனா தொண்ட காயும்.”

அவசரத்துக்கென்று கட்டிவைத்த ஒரு கேன் தண்ணீரும் அந்த இரண்டு பக்கெட்டும்தான் இனி எல்லாம். மரியதாஸ் வரைபடத்தை விரித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, டீசல் குறைவாக இருந்ததால் அதுவரை தொடாத என்ஜினை முடுக்கி, மொரீஷியஸ் பாதையை விட்டுப் படகைத் திருப்பினார். அந்தத் திசையில் மக்கள் ஒரு காலத்தில் வாழ்ந்து போன பவளத்தீவு ஒன்று இருப்பதாகவும், அங்கே பழைய கிணறு இருக்கக்கூடும் என்றும் சொன்னார்.  “பிடி”, “விடு”, “தூங்கு” என்னும் சொற்களே அதன்பின் படகில் மிஞ்சின. சோற்றைப் பாதிக் கடல்நீரில் வேகவைத்தார்கள். குடிக்கும் தண்ணீரைத் தம்ளரில் அளந்துகொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பொன்னுவேல் வழக்கம்போல எதிரே உட்கார்ந்தார். மரியதாஸ் தட்டை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விட்டார். ஐயா தனியாகச் சாப்பிடும் சத்தத்தைப் பொன்னுவேல் கீழே இருந்து கேட்டார்.

தீவு ஒரு மாலையில் தென்பட்டது. தண்ணீரின் மேல் தென்னந்தலைகள் மட்டும் கோடுபோலத் தெரிந்தன. பவளப் பாறைகளுக்கு நடுவே நுழைய வேண்டிய வாய் மேற்கு நோக்கிய அவர்களுடைய கண்ணுக்கு நேராக, இறங்கும் வெயிலில் பளபளத்தது.

“வெயில் உச்சிக்கு வந்தாத்தான் பாறை தெரியும். நாளைக்கு நுழையணும்” என்றார் மரியதாஸ்.

பொன்னுவேல் கேனைச் சாய்த்துக் காட்டினார். சொட்டவில்லை. மரியதாஸின் உதடு வெடித்திருந்தது. முந்தைய நாளிலிருந்து அவருக்குக் காய்ச்சல் வேறு. சுக்கானைக் கையில் எடுத்தார்.

“சரி. நீ முன்னால போய் உக்காரு. வெளுப்பாத் தெரிஞ்சா சொல்லு.”

பொன்னுவேல் முனையில் படுத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். வெயில் தவிர எதுவும் தெரியவில்லை. “எடதுல வெளுப்புங்க” என்று அவர் சொல்லவும் படகின் அடியில் உறுமல் எழவும் ஒன்றாக இருந்தது. ஒரு குலுக்கலோடு படகு தாண்டி உள்ளே மிதந்துவிட்டது. ஆனால் சுக்கான் வளைந்துபோய்த் திரும்ப மறுத்தது.

கிணற்றில் தண்ணீர் இருந்தது. தென்னை மட்டை ஊறிய நாற்றத்தோடு இருந்தது. பொன்னுவேல் முதல் பக்கெட்டை ஐயாவிடம் கொடுத்தார். இரண்டாவதில் தாம் குடித்துவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

சுக்கானைக் கழற்றிக் கரையேற்றுவதற்கே நாட்கள் பிடித்தன. மரியதாஸ் காய்ச்சலிலிருந்து எழ வேண்டியிருந்தது. அதன் இரும்புத்தண்டைத் தேங்காய்ச் சிரட்டை நெருப்பில் காய்ச்சி, பாறையில் வைத்து அடித்து நிமிர்த்த வேண்டும். நிமிரும், கோணும், மறுபடி காய்ச்ச வேண்டும். பங்குனி போயிற்று. சித்திரையும் போயிற்று. அவ்வழியே ஒரு படகும் வரவில்லை. பொன்னுவேல் கரி மூட்டினார், மீன் சுட்டார், தண்ணீர் இறைத்தார். வைகாசியைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கேட்டவர் மரியதாஸ்தான். ஒரு காலை, சுத்தியலை எடுக்கும் முன் கேட்டார்.

“இன்னைக்குத்தான உங்க மலையில?”

“ஆமாங்க.”

“எப்பத் தூக்குவாங்க?”

“பொழுது சாயங்காட்டிங்க.”

“உன்னை அனுப்பிவைக்கிறது என் பொறுப்புன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க. தண்ணியத் தொறந்து உட்டது நான்தானுங்களே.”

மரியதாஸ் சுத்தியலை எடுத்துக்கொண்டு நெருப்பருகே போனார்.

பொழுது சாயத் தொடங்கியதும் பொன்னுவேல் கிணற்றில் ஒரு சொம்பு மட்டும் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். அதற்குமேல் ஊற்ற மனம் வரவில்லை. இடுப்பில் துண்டை இறுக்கினார். பாய்க்குக் கொடுக்கும் நீளமான கம்பு ஒன்று கரையில் கிடந்தது. அதைத் தூக்கி இடது தோளில் வைத்தார். சப்பரம் என்றால் பின்னாலும் பக்கத்திலும் ஆட்கள் வேண்டும். முன்கம்பின் கனம் தனி ஒருவருடைய கனம் இல்லை. எல்லோரும் தூக்கினால்தான் அது ஒரு தோளில் சரியாக உட்காரும். இங்கே கம்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அது மணலில் இறங்கியது. அவர் நடந்தார். பின்னால் மணலில் ஒரு கோடு விழுந்துகொண்டே வந்தது.

சுத்தியல் சத்தம் நின்றது. பொன்னுவேல் திரும்பிப் பார்க்கவில்லை. மணல் முடிந்து தண்ணீர் தொடங்கும் இடம்வரை போனார். அங்கே போக வேண்டிய கோயில் எதுவும் இல்லாததால் சிறிது நேரம் நின்றார். கம்பை இறக்கி வைத்துவிட்டு வந்த கோட்டின் மேலேயே நடந்து திரும்பினார். அதன்பின் சுத்தியல் மறுபடி கேட்டது. அன்று இரவு மரியதாஸ் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். 

மொரீஷியஸ் சேர்ந்தபோது ஆனி பிறந்திருந்தது. பொன்னுவேலைப் பம்பாய் விமானத்துக்கு அழைத்துச் சென்றார் மரியதாஸ். எஸ்டேட்டை விற்கச் சொல்லிவிட்டதாகவும், தாம் மேற்கே இன்னும் போகப் போவதாகவும் அங்கே வைத்துச் சொன்னார்.

“ஆரு கூடங்க?”

“நான்தான்.”

“சாப்பாட்டுக்கு என்னுங்க பண்ணுவீங்க?”

“ஒரு கையில சுக்கான், ஒரு கையில கரண்டி.”

“ரெண்டு கையும் போச்சுன்னா எதுலீங்க சாப்பிடுவீங்க?”

மரியதாஸ் சிரித்தார். அந்த மழைக்குப் பின் அவர் சிரித்தது அப்போதுதான். அம்மா தம்மிடம் கேட்டுக்கொண்டதை ஐயாவிடம் சொல்லிவிடலாம் என்று பொன்னுவேல் வாயெடுத்தார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

பம்பாயிலிருந்து ரயிலில் சேலம் வந்து, மலை பஸ் பிடித்து ஊர் சேர்ந்தார். கண்ணாயி சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார். குளித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, “சித்தன் தோள் குடுத்தாருங்க” என்று மட்டும் சொன்னார்.

சித்தன் அன்று மாலையே வந்தார். பொன்னுவேல் கேலிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். சித்தன் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். கன்றிப்போயிருந்தது.

“இன்னும் போகல பாரு. நொம்பக் கனம்ப்பா. நீ எப்புடித்தான் தாங்குனயோ.”

“எண்ணெ போட்டு உருவலியா?”

“உருவுனேன். எண்ணெதான் செலவு.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அடுத்த வருசம் எனக்குக் காச்சல்னு ஊட்டுல படுத்துக்கறேன். நீ போய் நில்லு. ஆரு கேக்கப் போறா?”

“சாமி கேக்காதா?”

சித்தன் காபி குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வைகாசியில் பொன்னுவேல் மலையுச்சிக்குப் போனார். பனி மூடியிருந்தது, தூறலும் இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக, கண்ணாயிக்குப் பக்கத்தில், எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரிடத்தில் நின்றார். அந்த வயதுவரை கூட்டத்தில் அவர் நின்றதில்லை. சப்பரம் எழுந்தது. சித்தன் முன்கம்பின் இடது பக்கம் நின்று பல்லைக் கடித்துத் தூக்கினார். அப்போது பொன்னுவேலின் இடது தோள் தானாக உயர்ந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், “ஏனுங்கண்ணா, சுளுக்குங்களா?” என்று அன்போடு கேட்டார். ஆமாம் என்றார் பொன்னுவேல். மழை வலுத்தது. அது மூன்று நாளாகியும் விடவில்லை.

இழந்தவற்றைக் கூட்டிச் சொல்வதானால் இவ்வளவே. ஒரு டேங்க் தண்ணீர். நிமிர்த்தியும் பழையபடி ஆகாத ஒரு சுக்கான். ஒரு வைகாசி. பங்களாவில் சமையல் வேலை. சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒரு முக்காலி. முன்கம்பின் இடது தோள்.